ரிசர்வில் நின்ற வண்டி

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். என் அப்பாவுக்கு நாளைக் காலை ஆபரேஷன். நான் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அம்மு பக்கத்து வீட்டில் இருக்கிறாள். ரசம் மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் தர்மராஜ் வந்து, கார் பெட்ரோல் குழாயில் பிரஷர் மீட்டர் மாட்டினார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் முள் இறங்கிவிட்டது. "டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக்கினு இருந்தாத்தாம்மா பம்ப் சூடாவாது. சார் எப்பவும் ரிசர்வுலயே வெச்சிக்கினு கீறாரு. சூட்டுல தேஞ்சிப்போச்சு" என்றார். "வாரமெல்லாம் ஸ்டாஃப் பஸ்ஸில் போகிறேன், நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்?" என்றவர் நீங்கள். வேலையில் நாள் முழுக்க பம்ப் பிரஷர் பார்ப்பவரும் நீங்கள்தான்!

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டும்போது திருவிடந்தை அருகே வண்டி நின்றதும், "ஓட்டத் தெரியாதவ" என்று அம்மு எதிரிலேயே என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். அப்பாவிடமும் போனில் அதையே சொன்னீர்கள்.

நாலு மணிக்குப் புது பம்ப் மாட்டிவிடுவார். டேங்கை நிரப்பிக்கொண்டு அம்முவோடு இன்றே வாருங்கள்.

கோதை

பி.கு.: என்னை லைசென்ஸ் எடுக்க வைத்தவர் அப்பா. வண்டி ஏன் நின்றது என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாது.