பச்சைக்கு மேல் சிவப்பு

4 மே 1957, சனி

பட்டறையில் அரை நாள் வேலை. மூன்றாம் நம்பர் பஸ்ஸின் கிளட்ச் என் உயிரை வாங்குகிறது.

மதியம் மீன் குழம்பு. புளிக்குப் பதிலாக அசாம் கெப்பிங் என்கிற காய்ந்த புளிப்புப் பழத் துண்டுகளைப் போட்டு வைத்தது. மலாய்க்காரர் வீட்டில் அது ருசிக்காகப் போடுவது. எங்கள் வீட்டில் சங்கதி வேறு. மகள் சந்திரா போன நாளிலிருந்து பாக்கியம் புளியைத் தொடுவதில்லை. நானும் வாங்கி வருவதில்லை.

நன்றாக இருக்கிறது என்றேன். இந்த வீட்டில் இருப்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், பேசுவது நான் ஒருவன்தான்.

6 மே, திங்கள்

ஜெயபாலன் கிரீஸ் கையோடு ஓடி வந்தான். பட்டறையில் எனக்கு அடுத்த பெஞ்ச் அவனுடையது. "அண்ணே, பத்து பெரெண்டாம் ஊர்ல காடி ஒண்ணு வந்திருக்குலா. கூரை இல்ல, ரெண்டு சீட்டு, முதுகுல ஸ்பேர் சக்கரம். நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. ஆனா செவப்பு."

சிவப்பா, விடு என்றேன். சாயங்காலம் வரை அது மண்டையைக் குடைந்தது. சிவப்பு என்பது மேலே தெரிவதுதானே. அடியில் என்ன?

8 மே, புதன்

பார்த்துவிட்டேன்.

தரகர் கலியாணசுந்தரம் ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரர்களின் சாமான்களை வாங்கி விற்கிறவர். பியானோ, ஐஸ்பெட்டி, நாய்க்கூண்டு, நடுவில் இந்த எம்.ஜி. வண்டி. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கதவு மூலையில் நகத்தால் சுரண்டினேன். பச்சை. இடது மட்கார்டை விரல் முட்டியால் தட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மொத்தையாக வந்தது. ஒடுங்கினதை ஈயம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

நாய்க்கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நானே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறேன். போன வருடம் பிப்ரவரி இருபது. சுதந்திரத்துக்குத் தேதி சொல்லப்போகிறார்கள் என்று மலாக்கா ஊரே பாடாங் திடலில் கூடியிருந்தது. நானும் அங்கேதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றேன். எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்திருந்த நாள். எங்கள் காஜா பெராங் தெருவில் ஈ காக்கை இல்லை. பாக்கியம் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, முனைக்கடையில் புளி வாங்கிவரச் சந்திராவை அனுப்பியிருக்கிறாள். ஆறு வயது. ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போனது.

பார்த்தது எதிர்வீட்டு மீனாச்சி அம்மாள் மட்டும். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் செட்டி குடும்பம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னது இவ்வளவுதான்: "இஜாவ். பும்போங் தாடா. தாயார் சத்து டி பெலாக்காங்." பச்சை, கூரை இல்லை, பின்னால் ஒரு சக்கரம்.

எங்கிருந்து வந்த வண்டி என்று கலியாணசுந்தரத்தைக் கேட்டேன். "யாரோ தோட்டத்துத் துரை காடி. பழைய பதிவு அட்டை தொலைஞ்சு போச்சு, புது அட்டை என் பேர்ல இருக்கு. ஓட்டப் போறீங்களா, கல்யாணம் பேசப் போறீங்களா?" என்றார். அட்டை ஏன் தொலைகிறது? சிவப்பு ஏன் அடிக்கிறார்கள்?

11 மே, சனி

வாங்கிவிட்டேன். சேர்த்து வைத்ததெல்லாம் போயிற்று, போகட்டும்.

மீனாச்சி அம்மாளை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தார். நெடுநேரம் யோசித்து "மாச்சாம்" என்றார். போலத்தான் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது போதும்.

12 மே, ஞாயிறு

இருக்கையைக் கழற்றினேன். அடியில் வைக்கோல், கோழி இறகு, முட்டை ஓடு. தரகர் வீட்டுச் சுத்தம் அப்படி. தரைப்பலகையில் ஓட்டை விழுந்த இடத்தில் பிஸ்கட் டின் தகரத்தை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். மரச்சட்டத்தைச் செல் அரித்திருக்கிறது. பெருக்கி வெளியே கொட்டினேன்.

பாக்கியம் கொடியில் துணி போட வந்தவள் நின்றாள். ஒரு முட்டை ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "குஞ்சு பொரிச்ச ஓடு" என்றாள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அவளாக வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி எத்தனை மாதம் ஆகிறது?

17 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன். பாக்கியம், நம் பிள்ளையை அடித்தது இந்த வண்டிதான் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். பிள்ளை போனபோதுகூட நான் இப்படி அழவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலில் இறங்கி ஒரு கை மண்ணை வாரி வண்டியின் முகத்தில் வீசினாள். "பச்சப்புள்ளன்னு தெரியலையா? ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு? நாசமாப் போ. நாசமாப் போ." அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

அதன் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். முழுச் சோறு.

24 மே, வெள்ளி

இன்றும் மண். இன்றும் சாப்பிட்டாள்.

9 ஜூன், ஞாயிறு

மரச்சட்டத்துக்கு மெர்பாவ் மரம் இழைத்துப் போட்டேன். இரண்டு கார்புரேட்டர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக் கேட்டேன். இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஒன்றாயிற்று. என்ன அழகாக ஓடுகிறது.

அழகு என்றா எழுதினேன்? பிள்ளையைக் கொன்ற வண்டிக்கு எண்ணெய் மாற்றி, கரி சுரண்டி, தாலாட்டு வேறு பாடுகிறேன். ஓடுகிற நிலையில் இருந்தால்தான் போலீசில் காட்ட முடியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பொய். என் கை ஒரு இயந்திரத்தைக் கெட்டுப்போக விடாது, அவ்வளவுதான். என் கையை நான் என்ன செய்ய?

28 ஜூன், வெள்ளி

மண். மண்ணை வண்டியிலேயே விட்டுவிடுகிறேன். அது அவளுடைய உரிமை.

14 ஜூலை, ஞாயிறு

பாக்கியம் பாசாருக்கு அவளாகப் போய்வந்தாள். தலை சீவியிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஓட்டியவனைக் கண்டுபிடித்து அவள் முன்னால் நிறுத்திவிட்டால் போதும். அப்புறம் "நான் அனுப்பினேனே, நான் அனுப்பினேனே" என்று சுவரைப் பார்த்து உட்கார மாட்டாள். அதற்குத்தான் இந்த வண்டி.

30 ஆகஸ்ட், வெள்ளி

ஜெயபாலன் மாவிலையும் கொடியும் கொண்டுவந்துவிட்டான். "நாளைக்குச் சுதந்திர ஊர்வலத்துல நம்ம காடி முன்னால போகணும் அண்ணே. திறந்த காடி வேற யார்கிட்ட இருக்கு?"

போடா என்று விரட்டிவிட்டேன். பாவம், இதை எதற்கு வாங்கினேன் என்று அவனுக்கு என்ன தெரியும். இதில் ஏறிக்கொண்டா நான் மெர்டேக்கா என்று கத்துவேன்? ஒருமுறை கத்தப் போனதே போதும்.

31 ஆகஸ்ட், சனி

ஊரெல்லாம் வாணவேடிக்கை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

12 செப்டம்பர், வியாழன்

கலியாணசுந்தரம் கடைசியில் வாயைத் திறந்தார். நான் தினமும் போய் நிற்பது அவர் வியாபாரத்துக்குக் கெடுதலாம். ஜாசின் தாண்டி ஒரு தோட்டம். ஸ்டோர் ஆள் அப்பாசாமியைக் கேட்டால் தெரியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்த வண்டியிலேயே. துரை சீமைக்கே போயிருந்தாலும் பேர் கிடைத்தால் போதும். அவள் திட்ட ஒரு பேர்.

15 செப்டம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது.

ஸ்டோர் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பீடியோடு ஒரு பெரியவர், அப்பாசாமிதான், எழுந்து வந்து, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, நம்ம கோழிக்கூடு. செவப்பு அடிச்சு மாப்பிள்ளையாட்டம் ஆக்கிட்டாங்களே."

என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

"சண்டக் காலம்தானேங்க, கம்யூனிஸ்ட்டுங்க காட்டுக்குள்ள இருந்து சுடுறாங்கன்னு துரைக்கு இரும்புத் தகடு அடிச்ச காடி வந்துருச்சு. திறந்த காடில எவன் போவான்? அப்ப இதக் கட்டை மேல ஏத்தி ஸ்டோர்ல போட்டதுதான். சக்கரத்த எல்லாம் கழட்டிட்டாங்க. எம்பொண்டாட்டி கோழிய அடைவச்சது இதுலதான். சீட்டுக்கு அடியில பிஸ்கட் தகரம் இருக்கும் பாருங்க, நான் அடிச்சது. அந்த ஓட்டை வழியா எலி வந்து குஞ்சைத் தூக்கிட்டுப் போச்சு."

மட்கார்டில் அடி பட்டிருக்கிறதே என்றேன்.

"கூரை உத்திரம் விழுந்துச்சு. அதுவும் ஸ்டோர்ல நிக்கும்போதுதான்."

போன வருடம் பிப்ரவரியில், பாடாங்கில் கூட்டம் நடந்த அன்று, இந்த வண்டி எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தோட்டமே லாரி ஏறி மலாக்காவுக்கு வந்துச்சு, நானுந்தான். இது எங்க வரும்? சக்கரமே இல்ல. இந்த வருஷம் பொறந்தப்புறம்தான் தரகர் ஆள் வந்து சக்கரத்த மாட்டி இழுத்துட்டுப் போனான். ஏங்க, காடில ஏதாச்சும் கோளாறா?"

ஒன்றும் இல்லை, நல்ல வண்டி என்றேன். தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன்.

திரும்பும் வழியில் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கு நடுவே நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். முட்டை ஓடு முதல் வாரமே என் கைக்கு வந்தது. தகரமும்தான். பஸ்ஸில் ஒரு நட்டு துருப்பிடித்திருந்தால் எத்தனை மாதம் ஓடவில்லை என்று சொல்கிறவன் நான். இதில் மட்டும் கண் அவிந்துவிட்டதா? இல்லை. இது அந்த வண்டியாக இருக்கட்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அந்தப் பச்சைக் கார் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவன் இன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டிருப்பான்.

வீட்டில் பாக்கியம் வாசலைக் கழுவிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். "யாருன்னு தெரிஞ்சுச்சாங்க?" என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.

16 செப்டம்பர், திங்கள்

சொல்ல மாட்டேன். இதைப் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிச்சம்? மறுபடி அந்தச் சுவர்தான்.

20 செப்டம்பர், வெள்ளி

மண் வீசினாள். "ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?" கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

அவள் உள்ளே போனதும் ஈரத்துணியால் துடைத்தேன். விளக்கு, கண்ணாடி, மட்கார்டு. மன்னித்துக்கொள் என்று வண்டியிடம் சொன்னேன். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறது.

27 செப்டம்பர், வெள்ளி

இன்றும் துடைத்தேன். சன்னலில் அவள் நிற்பது போல இருந்தது. திரும்பினால் இல்லை.

2 அக்டோபர், புதன், ஆயுத பூசை

பட்டறையில் பஸ்களுக்கெல்லாம் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஒரு பழம் மிஞ்சியது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டு வண்டிக்கு வைக்க ஆசைதான், எப்படி வைப்பேன்? கொலைகார வண்டிக்கு யார் பூசை செய்வார்கள்? வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

வீடு திரும்பினேன். வண்டிக்கு முன்னால் கோலம். நெற்றியில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் பழம். பாக்கியம் கற்பூரத் தட்டோடு நின்றாள்.

"இன்னும் எத்தன நாளுக்கு இது மேல பழி சொல்றது. வாயில்லாதது, பாவம்" என்றாள்.

உனக்கு எப்போது தெரியும் என்றேன்.

"முட்ட ஓட்டப் பாத்தப்பவே தெரியும். கோழி அடைகாக்குற எடத்த ஆடாம அசையாம வெச்சிருப்பாங்க. அது எப்படிங்க ரோட்டுல ஓடியிருக்கும்."

ஏன் சொல்லவில்லை?

"நீங்க அழுதீங்க. அழட்டும்னு இருந்தேன். தோட்டத்துக்குப் போய்ட்டு வந்து நீங்க மண்ணத் தொடச்சப்போ, உங்களுக்கும் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அப்போது ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். பின்னே வெள்ளிக்கிழமை தவறாமல் யாரைத் திட்டினாய்?

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயோ பாக்கியம். ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா. குழம்பு கொதிக்கட்டும், நானே போய் வாங்கி வருகிறேன் என்று ஒரு நிமிஷம். அவளைத்தான் அவள் திட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் நான் பக்கத்தில் நின்று, அவளுக்கு மனம் ஆறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

உள்ளே போய், உன் மேல் தப்பில்லை என்றேன். இத்தனை நாளில் இதை நான் ஒருமுறைகூட அவளிடம் சொன்னதில்லை. காரைத் தேடினேன், பெயிண்டைச் சுரண்டினேன், கார்புரேட்டரின் மூச்சைக் காது வைத்துக் கேட்டேன். இவளைக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அவள் அழுதாள். நானும்.

4 அக்டோபர், வெள்ளி

அவள் வாசலுக்கு வரவில்லை. வண்டியில் புதன்கிழமை வைத்த சந்தனம் அப்படியே இருக்கிறது.

20 பிப்ரவரி 1958, வியாழன்

இரண்டாம் வருடம். சந்திராவின் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்து, "காடிய எடுங்க" என்றாள். அவள் அதில் ஏறுவது இதுதான் முதல் முறை. எங்கே என்றேன். கையைக் காட்டினாள்.

முனைக்கடை. நடந்தால் நாலு எட்டு. அந்த இடத்தைத் தாண்டும்போது மெதுவாகப் போனேன். அவள் கண்ணை மூடவில்லை. கடை வாசலில் நிறுத்தினேன். நான் இறங்கப் போனேன், வேண்டாம் என்றாள். அவளே உள்ளே போனாள், அவளே திரும்பி வந்தாள், காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ இருந்திருந்தா இதுல நின்னுக்கிட்டே வருவா" என்றாள். ஆமாம் என்றேன்.

மதியம் ரசம். கொஞ்சம் புளி தூக்கல். இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.