‘தடுமாறாமல்’ என்ற சொல்லை நீக்கக் கடிகைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஏரி எழுபதும் நிறைந்து வழியும் வெண்ணாரை நாட்டுக் கோமான் திருவெழினியார் திருவுள்ளப்படி, உப்பங்காடி வணிகர் குடியில் பிறந்து அமைச்சுப் பட்டம் ஏற்ற ஆதன் கீரனார், மருதந்துறையில் உயர்கல்வி தரும் கடிகைக்குத் தலைவராய் வீற்றிருக்கும் அழிசியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மாடங்கள் உயர்க. ஏடுகளைக் கறையான் அணுகாதிருக்க.

அரசவையில் தடுமாறாமல் விடை சொல்லும் ஒவ்வொரு மாணவர் பொருட்டும் அவர்தம் ஆசிரியர்க்குக் கன்றோடு பசு ஒன்று வழங்கப்படும் எனச் சென்ற ஆண்டு ஆணை வந்ததைத் தாங்கள் அறிவீர். அதன் வாசகம் இவ்வோலை விடுக்கும் அமைச்சர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அன்று முதல் ஓரிருவரன்றி எவரும் தடுமாறவில்லை. கடிகைத் தொழுவத்தில் இடமுமில்லை. அரசர் மகிழ்ந்தார். அமைச்சர் மகிழவில்லை, மூட்டையின் வாய்ப்புறத்து மிளகைக் கண்டு விலை பேசுவது அவர் குடி வழக்கமன்று, கையை அடிவரை விட்டே பார்ப்பர்.

அடி தெரியும் நாளும் வந்தது. சென்ற திங்களில் படகுத்துறையில் ஓடக்காரர் ஒருவரைப் பாம்பு தீண்டியது. ஆசிரியர்க்குப் பசு ஈட்டித் தந்த மருத்துவ மாணவர் மூவர் அருகில் நின்று, நச்சுமுறிவுப் படலத்தின் நாற்பது பாடலையும் ஒப்பிக்கத் தொடங்கினர். பாட்டு முடியும்வரை தாம் உயிரோடு இருக்க வேண்டுமா என ஓடக்காரர் வினவினாராம். ஆசிரியை நப்பூதியாரின் மாணவி ஒருத்தி, அவையில் ஏழு முறை தடுமாறியவள், அவரை அசையாமல் கிடத்தி, பாம்பு இன்னதெனத் தனக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொண்டு, ஓடிப்போய் ஆசிரியையை அழைத்து வந்தாள். ஓடக்காரர் இன்று துடுப்புப் போடுகிறார்.

மற்ற ஆசிரியரை நோவதற்கில்லை. ஆறு திங்களாக அவர்களுக்குரிய நெல் போய்ச் சேரவில்லை. அடுப்பு அணைந்த வீட்டார் பசு வரும் வழியைத்தான் பார்ப்பர். தடுமாறாமல் என்று எழுதியதால், தடுமாறக்கூடிய கேள்வியையே வகுப்பில் கேட்காமல் விட்டனர். பிழை அமைச்சருடையது.

பசு ஒன்றும் பெறாத நப்பூதியார் அண்டை நாட்டு அழைப்பை ஏற்று, வரும் பௌர்ணமிக்கு வண்டி பேசிவிட்டார். அமைச்சர் நேரில் சென்று பசு என்றார், மனை என்றார், பல்லக்கு என்றார். விலை ஏற ஏற முகம் சுருங்குபவரை வாழ்நாளில் அன்றுதான் கண்டார். மாட்டுச்சந்தையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, என் நெல்லை மாதாமாதம் அளந்துவிட்டு, தெரியாது என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து அவையில் சிரிக்காதிருந்தால் நான் ஏன் போகிறேன் என்றார் அம்மையார். இத்தனை மலிவாக முடிந்த பேரத்தில் அமைச்சருக்கு இன்னும் ஐயம் தீரவில்லை.

ஆதலால் ஆணை: பழைய வாசகம் இன்றோடு நீங்குக. நிலுவை நெல் இவ்வோலையோடு வருகிறது. ஆசிரியர் அனைவர்க்கும் நாளை உச்சிப்பொழுதுக்குள் அளந்து தருக. இனி அமாவாசைதோறும் தவறாது தருக. அவையில் வினா தொடுப்பவர் நப்பூதியார். தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, பின் தேடிக் கண்டு வரும் மாணவரின் ஆசிரியருக்கே இனிச் சிறப்பு. சிரிப்பவர் எவராயினும், பட்டம் உடையவராயினும், அவையை விட்டு வெளியேறுக.

நாரை இலச்சினை இட்டோம். இதற்கு மறு ஓலை வேண்டா. பௌர்ணமிக்கு மறுநாள் அம்மையார் வகுப்பில் இருக்கிறார் என்ற சேதி ஒன்று வந்தால் போதும்.