கந்தப்பிள்ளை அன் சன்ஸ்: ஒரு பக்க வரலாறு

மே 12, 2025

காலையில் சிவகரனின் குரல்பதிவு வந்தது. அண்ணையின் மகன், ரொறன்ரோவில் இருக்கிறான். "மாமி, எங்கடை கந்தப்பிள்ளை அன் சன்ஸுக்கு ஒரு வெப்சைற் செய்யிறன். வரலாறு எண்டு ஒரு பக்கம் வேணும். அப்பாவைக் கேட்டால் ஒரு வருசம் எடுப்பார். நீங்கள் எழுதித் தாங்கோ."

அன் சன்ஸ்! அப்பாவின் அப்பா அந்தப் போர்ட்டை எழுதுவிக்கும்போது, பேத்தி ஒருத்தி வந்து அவருடைய மேசையில் குந்துவாள் என்று கண்டாரா? என் கணவர் செத்துப் போன பிறகு நான் அண்ணையோடு தரகுக்கு இறங்கிப் பதினொரு வருடம். காணி பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் "ஐயா இல்லையோ?" என்றுதான் கேட்கிறார்கள். வரலாறு எழுத மட்டும் மாமி.

மே 14

எழுதிப் பார்த்தது:

"1953ஆம் ஆண்டு கோப்பாயில் திரு. கந்தப்பிள்ளை அவர்கள் காணித் தரகு தொடங்கினார். வாங்க வந்தவரின் முன்னால், அந்தக் காணிக் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தானே முதலில் குடிப்பார். நல்ல தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். உவர் என்றால், விற்கிறவர் பக்கத்தில் நின்று முறைத்தாலும் உவர் என்றே சொல்வார். தொண்ணூற்றைந்துப் போரில் ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து திரும்பியபோது, அவருடைய மகன், எங்கள் அப்பா, சைக்கிளில் கிணறு கிணறாகப் போய்க் குடித்துப் பார்த்துச் சொன்னார். கடல் கடந்து இருப்பவர்கள் காணியைப் பாராமலே எங்கள் சொல்லில் வாங்கினார்கள். கந்தப்பிள்ளை வீட்டார் நல்ல தண்ணீர் என்றால், பிறகு ஒருவரும் குடித்துப் பார்ப்பதில்லை."

கடைசி வரி எனக்கே பிடித்துவிட்டது. அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாய் இருக்கு" என்றார். ஆனால் கண் வெளியே கிணற்றடியில் நின்றது. என்ன யோசனை இந்த மனிதனுக்கு?

மே 21

இன்றைக்கு ஆள் பிடித்து வந்து எங்கள் கிணறு இறைப்பித்தார் அண்ணை. சேறு எடுத்து, கட்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. போன வருடம் நான் வாய் வலிக்கக் கேட்டபோது "பாப்பம், பாப்பம்" என்று இழுத்த அதே அண்ணை.

இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு இது விளங்காதா? வீடு விற்கப்போகிறவர்கள் முதலில் கிணறு இறைப்பார்கள். பிறகு வேலி அடைப்பார்கள். பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

அம்மா அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டை நாங்கள் பங்கு பிரிக்கவில்லை. பாதி அண்ணைக்கு, பாதி எனக்கு. அவர் தன் பெண்சாதியின் சீதன வீட்டில் உடுவிலில் வசதியாக இருக்கிறார். நானும் மகள் தனுஷாவும் இங்கே, முன் அறையில் தரகுக் கந்தோர். என் சீதனக் காணி கணவரின் மருந்துச் செலவோடு போய்விட்டது. இந்தக் கூரை போனால் எங்களுக்கு வேறு கூரை இல்லை.

மே 30

பின்வேலிக்கு அண்ணை புதுக் கதியால் தடிகள் நடுவித்திருக்கிறார்.

"என்னண்ணை திடீரெண்டு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். வேலி விழுந்து கிடந்தால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

எந்த ஆட்கள்?

ஜூன் 6

நில அளவையாளர் வந்து போனார். நான் வங்கிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. முன்வீட்டு மனிசி சொல்லித்தான் தெரியும்.

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவார், பொய் சொன்னால் முகத்தில் தெரியும். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 9

அண்ணை விறாந்தையில் நின்று ஃபோன் கதைத்தார். நான் கதவுக்குப் பின்னால். ஒட்டுக்கேட்கவில்லை, என் வீட்டில் என் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவுதான்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பாருங்கோ. ஓம், ஓம், என்ரை பங்கு பிரச்சினை இல்லை. தங்கச்சிக்கு இப்ப ஒண்டும் தெரியவேண்டாம். எல்லாம் சரி வந்த பிறகு சொல்லுவம்."

அப்படியென்றால் நான் நினைத்தது சரி. எங்கள் தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்குச் சொல்லாமல் விற்க ஏலாது. இதை வாறவன் போறவனுக்கெல்லாம் படிப்பிக்கிற மனிதன், சொந்தத் தங்கச்சிக்கு மட்டும் ஒளிக்கிறார். சிவகரன் கூப்பிட்டிருப்பான், புருசனும் பெண்சாதியும் கனடா போகப் போகிறார்கள். வரலாறு எழுது மாமி, எழுதி முடித்துவிட்டு நீ தெருவில நில்லு.

ஜூன் 15

ஞாயிறு. அண்ணை என்னைக் கொழும்புத்துறைக்கு ஒரு காணி பார்க்க அனுப்பினார். எங்கள் வழக்கமான ஓட்டோக்காரன் ஜஸ்ரின், அவனுக்கு அதுதான் ஊர். பாதி வழியில் "திருப்படா" என்றேன். "என்னக்கா மறந்து போட்டியளே?" "ஓம், மறந்துதான் போனன்."

எங்கள் வீட்டுக் கேற்றில் வெள்ளை வான். கிணற்றடியில் பட்டுச்சேலை கட்டிய ஒரு மனிசி, அண்ணை வாளியில் அள்ளிக் கொடுக்க, அண்ணாந்து குடிக்கிறா. அவவின் மனிசன் வேலி ஓரமாகக் கை கட்டிக்கொண்டு நடந்து அளக்கிறார். அண்ணை என்னைக் கண்டதும் முகம் கறுத்துப் போனார்.

"தெரிஞ்ச ஆக்கள் பிள்ளை. இந்தப் பக்கம் வந்தவை."

தெரிந்த ஆட்கள் பட்டுச்சேலை கட்டி வந்து கிணறு குடிப்பார்களா?

தனுஷா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வீட்டிலும் நல்ல சட்டை போட்டிருந்தாள் என்று இப்போதுதான் நினைவு வருகிறது. அந்த மனிசி பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தா. எங்கே வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வாறது, சைவச் சாப்பாடோ என்று விசாரணை. வீடு வாங்க வந்தவவுக்கு என் பிள்ளை என்ன சாப்பிட்டால் என்ன? குடியிருக்கிறவர்களை எழுப்புவது இலேசோ கஷ்டமோ என்று பார்க்கிறா. எத்தனை பேர் இப்படிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 17

ஜஸ்ரினுக்குத் தெரியாத வான் யாழ்ப்பாணத்தில் இல்லை. அந்த ஆட்கள் உடுவில். அவனுடைய ஓட்டோவும் கிழமைக்கு மூன்று நாள் அந்த ஒழுங்கையால் போய்வரும்.

அவனிடம் சாட்டோடு சாட்டாகச் சொன்னேன். "எங்கடை கிணறும் பழுதடா. ஆடி வர உவர் ஏறிடும். அதுதான் அண்ணை இப்ப இறைச்சு வெள்ளை அடிச்சு வைச்சிருக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

ஒருவருக்கும் சொல்லாதே என்றால் ஜஸ்ரினுக்குத் தூக்கம் வராது.

இப்படிக் கதை கட்டுவது ஜெயசுதனின் வேலை. சந்தியில் கடை போட்டிருக்கிற மற்றத் தரகன். எங்களிடம் வருகிற வாடிக்கையைக் கலைக்க வேண்டுமென்றால், அந்தக் கிணற்றில் உவர் என்று ஒரு கதையைக் கட்டிவிடுவான். அவனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்.

ஜூன் 18

பாதி வீடு என்னுடையது. என் பாதிக் கிணற்றைப் பற்றி நான் என்னவும் சொல்லலாம்.

ஜூன் 29

அண்ணையின் ஃபோன் அடிக்கவில்லை. கந்தோரில் பேப்பரை விரித்துவைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். மதியம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

தனுஷா ஏன் சாப்பிடவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 6

எழுதாமல் இருக்க ஏலவில்லை.

அண்ணை காலையில் வந்து என் முன்னால் இருந்தார். "கௌரி, உனக்கு இனி ஒளிச்சு வேலையில்லை. பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் பாத்தனான். உடுவில் பக்கம், கஜீபன் எண்டு நல்ல பெடியன், வங்கியில வேலை. சாதகமும் பொருந்தினது. பிள்ளைக்கும் விருப்பம். என்ரை பாதியை அவளின்ரை பேரில எழுதி, அளந்து, வேலியும் அடைச்சு, எல்லாம் சரி வந்த பிறகு உனக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விசாரிப்பாய். முதல் வந்த ரெண்டையும் விசாரிச்சு விசாரிச்சே கலைச்சனி. ஒண்டிலை தேப்பனுக்கு வழக்கு இருக்கு எண்டாய், மற்றதிலை பெடியன் சிரிக்கிறது சரியில்லை எண்டாய்."

நான் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடி வைத்தேன்.

"இப்ப அவை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். கிணத்திலை உவராம். நான் மறைக்கத்தான் இறைச்சனானாம். தண்ணியை மறைக்கிற ஆக்கள் இன்னும் என்னத்தை மறைப்பினம் எண்டு தாய்க்காரி கேட்டவவாம்." மேசையில் ஓங்கி அடித்தார். "இது ஜெயசுதன்தான்! உவனை நான் விடமாட்டன்!"

பட்டுச்சேலை. நல்ல சட்டை. சைவச் சாப்பாடோ. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தானே நடந்தது. காணி பார்த்துப் பார்த்து எனக்குப் பெண் பார்க்க வந்தவர்களைத் தெரியாமல் போயிற்றா? கடவுளே, நான் என்ன செய்துபோட்டன். என்ரை பிள்ளையின்ரை...

சொல்லவில்லை. அண்ணை எழுந்து போகும்வரை அது நான்தான் என்று சொல்லவில்லை.

ஜூலை 7

தனுஷாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது.

ஜூலை 8

இன்றைக்குக் காலையில் சொல்ல வேண்டும் என்றுதான் எழும்பினேன். அண்ணை அதற்குள் ஜெயசுதனின் கடைக்குப் போய்விட்டார். சந்தியில் ஊரே பார்க்கச் சத்தம் போட்டாராம். ஜெயசுதன் கோபப்படவே இல்லையாம். கதிரை இழுத்துப் போட்டு, "இருங்கோ அண்ணை. நான் வேற கதையள் கட்டினனான், இல்லை எண்டு சொல்லேல்லை. இது உங்கடை வீட்டிலையிருந்து வந்த கதை. ஜஸ்ரினைக் கேளுங்கோ" என்றானாம். ஜஸ்ரின் ஓட்டோவுக்குள் இருந்தபடியே, "அக்காதானே சொன்னவ" என்றிருக்கிறான். அவனில் என்ன பிழை?

அண்ணை வந்தார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளினார். பேணியில் ஊற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"குடி."

குடித்தேன்.

"உவரோ?"

"இல்லை அண்ணை."

"ஏன் கௌரி?"

"விக்கப்போறியள் எண்டு நினைச்சன். எங்களை விட்டிட்டுக் கனடா போகப்போறியள் எண்டு நினைச்சன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அறை வாசலில் தனுஷா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

ஜூலை 13

உடுவிலுக்கு நானே போனேன். அண்ணை வரவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த அம்மா என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தா. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் நல்லது, நான்தான் பொய் சொன்னேன், அண்ணைக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் தெரியாது. கும்பிட்டும் கேட்டேன்.

அவ கேட்டுவிட்டு என் வெறும் கோப்பையை வாங்கி வைத்தா. பிறகு, "அண்டைக்குச் சொன்னதும் உங்கடை வாய்தான், இண்டைக்குச் சொல்லுறதும் உங்கடை வாய்தான். நான் எதைத் தங்கச்சி நம்பிறது?" என்றா.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையில் தெரியாமல்தான் கேட்டா.

ஓகஸ்ட் 3

நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. தனுஷா சிநேகிதிகளோடு போனாள். முன்பெல்லாம் என்னோடுதான் போவாள். திரும்பி வந்தபோது எனக்கும் திருநீறு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பூசிவிடவில்லை.

ஆடி பாதி கழிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது.

ஓகஸ்ட் 20

அண்ணை தன் பாதியைத் தனுஷாவின் பேரில் எழுதிவிட்டார். கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நொத்தாரிசு கந்தோரில் நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்தார், எனக்குத்தான் கண் தெரியவில்லை. வெளியே வந்ததும் தனுஷா அவருடைய காலில் விழுந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கோ அம்மா, வெய்யில்" என்றாள். ஒன்றரை மாதத்திற்குப் பிறகு அவளாக என்னோடு கதைத்த முதல் கதை. அதை நினைத்து வழியெல்லாம் அழுதேன்.

செப்டம்பர் 11

கோப்பாய் வடக்கில் ஒரு வீட்டுக் காணி காட்டினோம். லெனாட் என்று ஒருவர், நோர்வேயிலிருந்து வந்திருக்கிறார். அவருடைய தகப்பன் எங்கள் அப்பாவின் சொல்லில் குருநகரில் காணி வாங்கினவராம், அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டோ ஜஸ்ரினுடையதுதான். வழியில் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள், அண்ணையும் நானும் பின்னால் மோட்டார் சைக்கிளில்.

அண்ணை ஒரு வாளி அள்ளி என்னிடம் நீட்டினார். ஜூலைக்குப் பிறகு முதல் தரம். வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர், கொஞ்சம்கூட உவர் இல்லை.

"நல்ல தண்ணி" என்றேன்.

லெனாட் தலையாட்டினார். நல்ல மனிதர், சிரித்த முகம். பைக்குள்ளிருந்து ஒரு வெற்றுப் போத்தலை எடுத்தார். "குறை நினையாதேங்கோ அக்கா. ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம் எண்டுதான்" என்று என்னைப் பாராமல் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணை போத்தலை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 12

சிவகரனுக்கு வரலாற்றை அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில். "மாமி, சூப்பர். ஆனால் 'பிறகு ஒருத்தரும் குடிச்சுப் பாக்கிறேல்லை' எண்டு அப்பா சொன்ன அந்தக் கடைசி வரியைக் காணேல்லை? அதுதான் வடிவான வரி எண்டவர்."

ஒரு பக்கத்துக்குள் இடம் காணவில்லை என்று எழுதிப் போட்டேன்.