காருக்குப் பேன் பார்த்தவள்

இன்று காலை உன் பேன் சீப்பில் இன்னொரு பல் உடைந்தது, அக்கா. நான்தான் உடைத்தேன். அவசரம். உனக்குத் தெரியாததா?

மரச் சீப்பு, இரண்டு பக்கமும் பல். நீ போனபோது அதில் ஆறு பல் இல்லை, இப்போது ஏழு. மிச்சமிருப்பவற்றின் இடுக்கில் சிமெண்ட் தூசி. மூக்கருகே கொண்டுபோனால் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. தலை எண்ணெயின் வாசனை அந்தச் சீப்பை விட்டு எப்போதோ போய்விட்டது.

நம் தெருவில் வேறு யாரும் செய்யாத வேலை அது. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் காரின் முன்னால் பலகையைப் போட்டு உட்காருவாய். முன்பக்க கிரில்லைக் கழற்றி ஓரமாக வைத்து, ஓடாத ஏசியின் வலையை முன்னால் சாய்ப்பாய். ஒரு பெயிண்ட் பிரஷ், இந்தச் சீப்பு, அவ்வளவுதான் ஆயுதம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே படிந்த தூசியைக் காய்ந்தபடியே சீவி எடுப்பாய். தண்ணீரைக் கிட்டவே சேர்க்கமாட்டாய். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு சிமெண்ட் லாரிகளின் பின்னாலேயே போய்வரும் வண்டி நம்முடையது. வாரத்துக்கு ஒரு கைப்பிடித் தூசி நிச்சயம்.

"என்னக்கா, காருக்குப் பேன் பாக்குறியா?" தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன்.

"ஆமாடா. ஒனக்குப் பாத்த அதே சீப்புதான். ஒன் தலையில இருந்தத வுட இதுல கம்மி."

தெருவே சிரிக்கும். நான் உள்ளே போய்விடுவேன்.

அப்பா பழையதாக வாங்கிப்போட்ட வண்டி, அவருக்குப் பின் உன் பெயருக்கு வந்தது. அவர் ஓட்டியதைவிட நீ ஓட்டியதுதான் அதிகம். பெரம்பலூரில் உன் தையல் கடைக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நீ கிளம்பியபோது, "கார் ஓட்டுற பொண்ண எவன் வந்து கட்டுவான்?" என்று கேட்டார் மாமா. "வரவன பின்னாடி சீட்டுல உக்காரச் சொல்லுங்க மாமா" என்று நீ சொன்னதை அம்மாவின் அண்ணனான அவர் கடைசிவரை மறக்கவில்லை. அந்த வண்டிமேல் அவருக்கு இருந்த கோபம் அன்றைக்கே தொடங்கியது என்பது என் கருத்து.

உன் ரிப்பேர் எல்லாம் தையல்காரி ரிப்பேர். கதவு கிறீச்சிட்டால் மிஷின் எண்ணெய். சீட் கிழிந்தால் ஜீன்ஸ் துணியில் ஒட்டு. கதவுக் கண்ணாடியின் ஓரம் விட்டுப்போன ரப்பரை ஊசி நூலால் தைத்து நிறுத்தினாய். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். சிமெண்ட் கம்பெனிச் சுரங்கத்தில் டிப்பர் வண்டிகளுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். எனக்கு அது அவமானமாக இருந்தது. "இது வண்டியா, ரவிக்கையா?" என்று கேட்டேன். "ஓடுதா இல்லியா? அதச் சொல்லு" என்றாய். ஓடியது. கார்புரேட்டரை நான் பிரித்துக் கழுவினேன், பிரேக் லைனிங் நான் மாற்றினேன், சைலன்சர் ஓட்டையை நான் அடைத்தேன். அதற்கெல்லாம் நீ ஒரு முறைகூட என்னைப் பாராட்டவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வாரத்தில் மூன்று நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ். வேறு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. நீ சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வரியில் முடித்தாய். "போறப்ப நான், வரப்ப நீ." போகும்போது நீ ஓட்டினாய். திரும்பும்போது துவண்டுபோய் இருப்பாய், நான் ஓட்டினேன். கையில் ஊசி குத்திய கட்டோடு இடதுபக்க சீட்டில் சாய்ந்து, கியரை நான் மாற்றும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிப்பாய். பேச முடியாதபோதும் குறை சொல்ல உனக்கு முடிந்தது.

மாசி கடைசியில் உன்னால் குந்தி உட்கார முடியாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை வேலை என்னிடம் வந்தது. இதிலிருந்துதான் நான் உனக்குச் சொல்லவேண்டியது தொடங்குகிறது.

எனக்கு ஏது அந்தப் பொறுமை? தீபாவளி போனஸில் வாங்கிய பிரஷர் வாஷர் சும்மா கிடந்தது. எடுத்து வந்து முன்பக்கத்தில் பீய்ச்சினேன். ஐந்து நிமிடம். பளபளவென்று ஆகிவிட்டது. ஜன்னல் ஓரக் கட்டிலிலிருந்து நீ குரல் கொடுத்தாய்.

"டேய், தண்ணி வேணாம்டா அதுக்கு."

"படிச்சவன் நானா நீயா? படு பேசாம."

படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் பீய்ச்சினேன்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. நீதான் ஓட்டினாய். பாதி வழியில், புளியமரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் இடத்தில், உஷ்ண முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினாய். பானட்டைத் திறந்தால் ஆவி. நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். என் புறங்கையில் பளாரென்று அடித்தாய்.

"எத்தன வருசம்டா படிச்ச? ஆறட்டும், இரு."

"ஒனக்கு நேரமாச்சுக்கா."

"எனக்கு நேரமானா நான் பாத்துக்கிறேன். மூஞ்சி வெந்தா ஒனக்கு எவ பொண்ணு குடுப்பா?"

வண்டி ஆறவில்லை. கடைசியில் கைகாட்டி டவுன் பஸ்ஸை நிறுத்தி உன்னை ஏற்றினேன். கூட்டம். படியேறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தாய். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாய். அன்றைய டயாலிசிஸ் நடந்தது. மதியம் போன் செய்து நீ கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?"

தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பம்ப்பை மாற்றினேன். முள் ஏறிக்கொண்டேதான் இருந்தது. "வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று வண்டியைத் திட்டினேன். அதன் பிறகு உனக்கு வாடகைக் கார்தான் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரு விடியற்காலை, காபி கேட்டுவிட்டு நீ போய்விட்டாய். இதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். சிறுநீரகம் போனவர்களுக்கு நேர்வதுதான் என்றும் சொன்னார். எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், இலை எடுப்பதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"நடுரோட்டுல நின்னுச்சு பாரு, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ராசி கெட்ட வண்டி. அந்தப் புள்ளய பஸ்ஸுல நிக்க வச்சு அனுப்பிச்சுதே!"

அந்தப் பேச்சு அப்படியே ஊன்றிக்கொண்டது. அம்மா வண்டியைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். நான் ஸ்டார்ட் செய்தால் எழுந்து உள்ளே போவாள். ஆறு மாதம் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது.

ஆர்.சி. முடிகிற நேரம் நெருங்கியது. புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் உன் பெயரிலிருந்து அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் மாமா, திங்கட்கிழமை காயலான் கடைக்காரரைக் கூட்டி வருகிறேன், விற்கிற பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள்.

முந்தின நாள் ஞாயிறு. ஒரு பிடிவாதத்தில் ரேடியேட்டரையே கழற்றிக் கையில் எடுத்தேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சல்லடை மாதிரி வெளிச்சம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

அதன் முன்னால்தான் ஓடாத ஏசியின் வலை நிற்கிறதே, அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு விரல் இடுக்கு. நான் முன்னாலிருந்து பீய்ச்சிய தண்ணீர் தூசியைக் குழைத்து அந்த இடுக்குக்குள் தள்ளியிருந்தது. சிமெண்டும் தண்ணீரும். சித்தாளுக்குத் தெரியும் என்ன ஆகும் என்று. வாராவாரம் ஒரு பூச்சு. புதுச் சுவருக்கு விடுவதுபோல் தண்ணீர் விட்டு இறுகவும் வைத்திருக்கிறேன். வெளியே பளபளப்பு, உள்ளே சுவர். சுரங்கத்தில் இதே தூசியை நாங்கள் காற்றடித்துத்தான் ஊதுவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டேன், பட்டால் பையன்களைத் திட்டுவேன். அங்கே தெரிந்தது என் வீட்டு வாசலில் எனக்குத் தெரியவில்லை.

யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ராசி கெட்ட வண்டி என்றால் பழி வண்டியோடு போய்விடும். எனக்கு ஒரு கீறலும் இல்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: அன்று முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காயலான் கடைக்காரர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார். எனக்கு அங்கேயே ஏறிவிட்டது.

"கால எடுங்க."

"என்ன மாப்ள?" என்றார் மாமா.

"வண்டிக்கு ராசியும் இல்ல, தோசமும் இல்ல மாமா. அன்னைக்கு வண்டி நிக்கல. நான் நிறுத்தினேன்." ரேடியேட்டரைத் தூக்கி வந்து அம்மாவின் காலடியில் வைத்தேன். "வாராவாரம் தண்ணியடிச்சு, உள்ள சிமெண்ட் பூசி வச்சிருக்கேன். அக்கா வேணாம்னு சொல்லுச்சு. நான் கேக்கல. பழி சொல்லணும்னா என்னச் சொல்லுங்க. என்னக் கொண்டுபோயி காயலான் கடையில போடுங்க."

"பாத்தியா தங்கச்சி, இவன் பேசுற பேச்ச? பழசத் தூக்கிப் போடுறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

அம்மா மாமாவைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சாம்பல் பாளத்தை விரலால் தடவினாள். "இது அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எனக்கே நேத்துதாம்மா தெரியும்."

எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. குண்டானில் புளி கரைத்து எடுத்து வந்தாள். திட்டமாக, பித்தளைக் குடம் தேய்க்கும் கெட்டியில். ரேடியேட்டர் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

"செம்புதானே? ஊத்து."

பிறகு காயலான் கடைக்காரரிடம், "நீங்க கெளம்புங்க, விக்கல" என்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். காபி குடிக்காமல் போனார். அது அவருக்குப் பெரிய விஷயம்.

மன்னிப்பு என்று நினைத்துவிடாதே. நான்கு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், "புளி தீந்துபோச்சு, வாங்கிட்டு வா" என்றாள். அந்த நான்கு நாளும் வேலை முடிந்து வந்து வாசலில் குந்தியிருந்தேன். புளித் தண்ணீர் பட்டதும் பாளம் நுரைத்தது, இளகியது. உன் சீப்பால் ஒவ்வொரு தகடாகச் சீவினேன். வேறு கருவி எதுவும் அந்த இடுக்கில் நுழையவில்லை, அக்கா. என் டூல் பாக்ஸில் எத்தனை சாமான் இருக்கிறது! ஒன்றும் நுழையவில்லை.

அம்மா இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸில் வண்டியைச் சுற்றிவந்த அதிகாரி, தைத்திருந்த கதவு ரப்பரில் நின்றுவிட்டார். "இது என்னங்க, தையல் போட்ருக்கு?" "எங்கக்கா தச்சது சார். தண்ணி எறங்காது, வேணும்னா ஊத்திப் பாருங்க." ஊற்றிப் பார்க்கவில்லை. வண்டி தேறிவிட்டது. இன்னும் ஐந்து வருடம் எவனும் கை வைக்க முடியாது.

போன வாரம் உன் கடையைக் காலி செய்ய அம்மாவும் நானும் போனோம். அம்மா முன் சீட்டில் உட்காரவில்லை, பின்னால் உட்கார்ந்தாள். புளியமரங்கள் வந்ததும், "இங்கதானா?" என்றாள். "ம்" என்றேன். "நிறுத்து." நிறுத்தினேன். இறங்கிப் போய் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், நமக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் வைத்துப் பார்ப்பாளே, அப்படி. "அளவாத்தான் சுடுது, எடு" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். திரும்பும்போது உன் மிஷின் பின் சீட்டில் இருந்தது. அதனால் அம்மா முன்னால் வந்து உட்கார வேண்டியிருந்தது.

நான் சரியாகத்தான் ஓட்டினேன். போகும்போதும் நானே, வரும்போதும் நானே. அது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

பிரஷர் வாஷரைச் சுரங்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். எரிச்சலோடுதான் உட்காருகிறேன், இருந்தாலும் ஞாயிறுதோறும் உட்காருகிறேன். பொறுமை வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். உடைந்த பல்லே சாட்சி. மிச்சப் பற்கள் இருக்கும்வரை இந்தச் சீப்பு. அதற்குப் பிறகு இதே மாதிரி இன்னொன்று, ஜெயங்கொண்டம் சந்தையில் கிடைக்காமலா போகும்?

இன்று காலை பல் உடைந்த எரிச்சலில் ரேடியேட்டருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே நிழல் விழுந்தது. மாமா. இத்தனை நாளுக்குப் பிறகு காபிக்கு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, நீயும் காருக்குப் பேன் பாக்க ஆரம்பிச்சுட்டியா?"

"ஆமா மாமா" என்றேன். "வெளிச்சத்த மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."