வேர் வளைந்த மொச்சை

திருமலைராயன்பட்டினம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்புள்ள மச்சான் காஜா நஜ்முதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் பிள்ளை நௌஷினும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்கள் அக்கா சித்திக்கா லாத்தா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அது வியாதியில்லை, கவலைப்பட வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீங்கள் வேகமாக ஓட்டிக் கேட்கிறீர்கள். முழுதும் கேட்டிருக்கவே மாட்டீர்கள், அதற்குள் உங்கள் தீர்ப்பு வந்துவிடும். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. அதனால் ஷார்ஜாவுக்குத் திரும்பும் ஹமீது காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நௌஷின் தன் மாமியான உங்கள் லாத்தாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

யூகேஜி பிள்ளைகள் வீட்டில் ஒரு விதையை முளைக்கவிட்டு, தினமும் பார்த்து, பார்த்ததை வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். ஞானசௌந்தரி டீச்சர் சொன்னது இவ்வளவுதான். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவுக்கு அது போதவில்லை. கண்காட்சி வேண்டும், பரிசு வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள். எந்த விதைக்கு மார்க் அதிகம் என்று ஒரு தகப்பன் கேட்டாரே, அதற்கு நீங்கள் கட்டைவிரல் தூக்கிக் காட்டியதையும் பார்த்தேன்.

பிறகு நீங்கள் ஆன்லைனில் அனுப்பிய பெட்டி வந்தது. பிளாஸ்டிக் தொட்டி, பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி, பாக்கெட்டில் அடைத்த தென்னை நார்த்தூள். இந்த ஊரில் தென்னை நாரை விலைக்கு வரவழைத்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதோடு வந்த, பச்சைச் சாயம் பூசிய விதைகள் தண்ணீரில் சாயத்தை விட்டன, வேறொன்றும் செய்யவில்லை.

நான் சமையல்கட்டில் இருந்த மொச்சையை எடுத்து ஊறப்போட்டேன். கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் ஈரப் பஞ்சை வைத்து, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மொச்சையைச் சொருகினோம். வெளியிலிருந்தே எல்லாம் தெரியும். மிச்சமிருந்ததில் ஒன்றை நௌஷினே நகத்தால் இரண்டாகப் பிளந்தாள். உள்ளே பொடி இலை இருந்தது. "உம்மா, பெருநாள் துணி மாதிரி மடிச்சு வச்சிருக்கு" என்று கத்தினாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை மச்சான். இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் தம்ளர் முன்னால் போய்க் குந்திக்கொள்வாள். தோல் சுருங்கியது, வெடித்தது, வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது, எல்லாம் அவளாகப் பார்த்து எனக்குச் சொன்னவை.

வேர் கீழே போவதில் அவளுக்கு வருத்தம். மேலே வரச் சொல்லு என்றாள். நீயே கேட்டுப் பார் என்றேன். தம்ளரைப் படுக்க வைத்தாள். மறுநாள் வேர் முழங்கையை மடக்கியது போல வளைந்து மறுபடியும் கீழே பார்த்தது. "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்று அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நீங்களோ வீடியோவில் வந்து, இலை வந்ததா, பூ வந்ததா என்றீர்கள். இல்லை என்றதும், "வேஸ்ட், வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றீர்கள். பிள்ளை தம்ளரைக் காட்டத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். உங்கள் பக்கம் போன் கட் ஆகிவிட்டது.

அந்த ஏற்பாடு என்னவென்று கண்காட்சிக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. நான் நாகூரில் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் லாத்தா நர்சரியிலிருந்து ஒரு வெண்டைச் செடியைப் பூந்தொட்டியோடு கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். மொச்சையைச் சாக்கடையில் வீசிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். சுத்தம் பார்ப்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை. உன் விதைதான் ஒரே நாளில் இப்படி வளர்ந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் நம்பவில்லை. உடனே உங்களைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். நீங்களும், "ஆமாம்மா, அதுதான் இது. வாப்பா பொய் சொல்வேனா?" என்றீர்கள்.

நான் திரும்பி வந்தபோது பிள்ளை அழவில்லை. "வாப்பா சொன்னா நெசமா உம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி என்னிடம் யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கான பதிலை உங்களுக்கென்று விட்டுவைத்தேன். செடியை எடுத்துக்கொண்டு போகிறாயா, வெறுங்கையோடு போகிறாயா என்று மட்டும் கேட்டேன். எடுத்துப் போகிறேன் என்றாள்.

கண்காட்சியைப் பற்றி என்ன சொல்ல! விதையைத் தவிர எல்லாம் இருந்தது. தெர்மகோலில் மலை, சீரியல் பல்பு, கடையில் அச்சடித்த பேனர். பிள்ளைகளைத் தொடாதே தொடாதே என்று விரட்டிக்கொண்டு பெரியவர்கள் தங்கள் வீட்டுப்பாடத்துக்குக் காவல் நின்றார்கள். லாத்தா புதுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்து உங்களுக்கு வீடியோ எடுத்தார்கள்.

நௌஷின் முறை வந்தது. ஞானசௌந்தரி டீச்சர், என்ன பார்த்தாய் என்று கேட்டார். பிள்ளை தொட்டியைப் பார்த்தாள். பிறகு அந்தச் செடியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள். வெள்ளைத் துணி விரித்த மேசையெல்லாம் மண். வேரைத் தூக்கிக் காட்டி, "இது வளையல. என்னுது வளைஞ்சிருக்கும். இது என்னுது இல்ல. என்னுதை மாமி சாக்கடையில போட்டுட்டாங்க" என்றாள். வாப்பா என்ன சொன்னார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "வாப்பா இதுதான் அதுன்னாங்க. வாப்பா பொய் சொல்லல. அவங்க பாக்கல. பாக்காததால தெரியல."

லாத்தா இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அத்தனை பேர் முன்னால் உங்களுக்காக வக்காலத்து வாங்கிய ஒரே ஆள் அவள். நான் வாங்கியிருக்க மாட்டேன்.

டீச்சர் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. வேறு என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். பிள்ளை மடித்து வைத்த இலையையும், பேச்சுக் கேட்காத வேரையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்று கேட்டார்கள். பரிசு என்னவோ சீரியல் பல்புக்குத்தான் போனது. போகட்டும், கரண்டுக்காவது ஆகும்.

மன்னிப்பு கிடையாது மச்சான். பிள்ளையும் கேட்க மாட்டாள், நானும் கேட்கச் சொல்ல மாட்டேன். லாத்தாவுக்கு அவ்வளவு மனத்தாங்கல் என்றால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காகத்தானே அவர்கள் பாடுபட்டார்கள்.

ஒன்றை மட்டும் திட்டாமல் சொல்கிறேன். அன்றிலிருந்து உங்கள் போன் வந்தால் அவள் உள்ளே போய்விடுகிறாள். தூங்குகிறாள், குளிக்கிறாள் என்று நான்தான் உங்களிடம் சொல்லி வந்தேன். அது பொய். இனிமேல் அந்தப் பொய்யை நான் சொல்வதாக இல்லை. போன நோன்புக்கு வருவதாகச் சொன்னீர்கள், ஹஜ் பெருநாளுக்கு என்றீர்கள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, திரையில் உங்களுக்கு அது தெரிந்திருக்காது. லீவு கேளுங்கள். பெட்டி எதுவும் கட்ட வேண்டாம். வந்து அவள் பக்கத்தில் குந்தி, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அல்லாஹ் உங்கள் கண்களைப் பத்திரமாக வைக்கட்டும். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வளர்ந்துகொண்டே போகிறது.

வஸ்ஸலாம்,
ஷஃபீனா