அமாவாசையில் நின்ற கப்பல்

ஆரணி,
ஆடி அமாவாசை

என் அம்முலுவுக்கு,

உன் அம்மா கிருஷ்ணம்மாள் எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அதற்குமேல் நான் படிக்கவில்லை. உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வரவில்லை.

அப்பாவுக்கு முட்டி வலி. நேற்று தறியில் புதுப் பாவு ஏற்றினோம். பழைய பாவோடு இழை இழையாக முறுக்கிச் சேர்க்க நீ இல்லை, எதிர்வீட்டு துர்காதான் வந்தாள். இன்று அமாவாசை, தறி ஓடாது. அதனால் எழுதுகிறேன்.

நீ போனில் எழுதிய கதை மொத்தத்தையும் கேட்டுவிட்டேன். சென்னையில் புத்தகம் போடுகிற கிரண் என்ற தம்பி தாளில் அடித்து அனுப்பினார். நான் எழுத்துக்கூட்டி முடிக்க ஒரு வருஷம் ஆகும் என்று துர்கா வாசித்தாள். சீ! இதையா அத்தனை நாள் குனிந்துகொண்டு எழுதினாய்?

அந்த விண்கப்பலில் கதவெல்லாம் தானே திறக்கிறது, ஒரு பெண் குளிக்க மறைவு இல்லை. ஆறு மாதப் பயணம் முழுக்க ஒரே உடுப்பு, அதுவும் தோலோடு ஒட்டின ரப்பர். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவளுக்கு ஒரு நல்ல துணி எழுதத் தோன்றவில்லை. சாப்பாட்டுக்கு மாத்திரை. உன் கதைப் பெண் ஆசைப்படுகிற வேற்றுக்கிரகத்தானுக்கு உடம்பு நீலம், கைக்கு மூன்று விரல், தொட்டால் தவளை மாதிரி ஜில்லென்று இருக்கிறான். அவனைப் போய்க் கட்டிக்கொள்கிறாள். தாலி கிடையாது, ஒன்றும் கிடையாது. முத்தம் மட்டும் பதினோரு இடத்தில் வருகிறது. நாலாவதிலேயே நிறுத்தச் சொன்னேன். இதெல்லாம் இப்போது சகஜம் அத்தை என்று துர்கா சிரித்துக்கொண்டே அடுத்த தாளைத் திருப்பினாள். 

நீ பாகம் பாகமாகப் போனில் போட்ட இதைப் படிக்க ஆயிரம் பேராம். நீ போய்விட்டாய் என்று துர்கா அதிலேயே எழுதிப் போட்ட பிறகும் ஒருத்தி கேட்டிருக்கிறாள், அந்த நீலன் என்ன ஆனான் என்று. என் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தூ.

அதையும் பொறுத்துக்கொள்வேன். முதல் பாகத்தில், தாய் அடுப்படியில் இருக்கும்போது அவள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிடுகிறாளே, அதுதான் தாங்கவில்லை. பெத்தவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று துர்காவைத் திட்டினேன், என்னவோ அவளே எழுதின மாதிரி. அவள் தாளிலிருந்து தலை தூக்காமல், "சொன்னா நீ வுட்டிருப்பியா அத்தே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிரண் தம்பி கையெழுத்து வாங்க நேரில் வந்தார். நல்ல பிள்ளைதான், காபியை மீதி வைக்காமல் குடித்தார். ஒரு தப்பு இருக்கிறது, திருத்திவிடுகிறோம் என்றார். அமாவாசைக்கு அமாவாசை கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த இடம்.

"அம்மா, நிலாவையே தாண்டிப் போய்ட்டாங்க. அங்க ஏதுங்க அமாவாசை?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "தறிக்காரி பெத்த பொண்ணு எழுதனதுங்க. அமாவாசைன்னா எந்த மெஷினும் நிக்கணும். அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன். அந்தக் கதையில் எனக்கு அருவருப்பில்லாத இடம் அது ஒன்றுதான். கப்பல் நின்ற அன்றைக்குத்தான் அவள் தாயை நினைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நினைத்திருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன்.

அந்தத் தம்பி தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். கடைசிப் பாகம் பாதியில் நிற்கிறது. கப்பல் பூமிக்கு வந்துவிட்டது. அவள் திறந்த கதவில் கை வைத்து நிற்கிறாள். கீழே தாய் வீடு, பின்னால் அவன். முடிவை வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம், எப்படி முடிக்கலாம் நீங்களே சொல்லுங்கம்மா என்றார். இறங்கி வரட்டும் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அது பாதியிலேயே நிற்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஐந்து நாள் காய்ச்சலோடு உன்னை வேலூருக்குக் கொண்டுபோன வண்டியில் நீ போனை விடவில்லை. "ஒரே ஒரு வரிம்மா, எழுதிகினு குட்த்துட்றேன்" என்றாய். நான் பிடுங்கி என் பையில் போட்டேன். கண்ணை மூடிகினு படு என்றேன். மூடினாய்.

கை வைக்காதீங்க என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். கை வைத்தவள் நான்.

இன்று உனக்காக வடை சுட்டுக் காக்காய்க்கு வைத்தேன். ஜல்தியாக வந்து எடுத்துப் போனது. நீ எங்கே இருந்தாலும் மாத்திரை தின்னாமல் சோறு தின்று நன்றாக இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்த ஒரு வரியில் அவள் இறங்கி வந்தாளா, அம்முலு?