சாம்பலில் புரட்டிய விதைகள்

ஆடி 5, திங்கள்

அம்முலு, இன்று ஒரே காற்று. தறிமேல் எல்லாம் புழுதி. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள். காட்டிலிருந்து காய்ச்சலோடு வந்து நீ போட்ட இடத்திலேயே கிடந்த பையை இன்றுதான் திறந்தேன்.

சட்டை 3. டார்ச். அட்டைப்பூச்சிக்குப் புகையிலை. இங்கிலீஷ் நோட்டு. ஈரத்துணியில், பாசிக்குள், கோலிக்குண்டு அளவில் விதைகள், 22. பூஞ்சை வாடை. கெட்டுவிடுமே என்று கழுவி, சாம்பலில் புரட்டி, மாடியில் காயப் போட்டேன். பூசணி, அவரை எல்லாம் அப்படித்தானே எடுத்து வைப்போம்.

ஆடி 8, வியாழன்

நல்ல வெயில். விதைகள் கலகல என்று காய்ந்துவிட்டன. பட்டுத்துண்டில் முடிந்து சாமி படத்தருகே. மோர்மிளகாயும் காய்ந்தது. உன் ஹாஸ்டலுக்கு என்று ஒரு டப்பா தனியாக எடுத்துவிட்டேன். பிறகு திரும்பக் கொட்டினேன்.

ஆடி 9, வெள்ளி

படவேட்டுக் கோயிலுக்குப் போகும் ஆடிவெள்ளிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், உன்னோடு காட்டுக்கு வரும் வசந்தி மத்தியானம்தான் வந்தாள். விதை கேட்டாள். பெருமையாக முடிச்சை அவிழ்த்தேன். அவள் முகமே மாறிவிட்டது.

"இன்னா பாப்பா, இன்னா ஆச்சு?" என்றார் உன் அப்பா.

"இது காயக்கூடாதுப்பா. காஞ்சா உயிர் போயிடும். மழைக்காட்டு மரம், எப்பவும் ஈரத்துலயே இருக்கும். அந்த ஒரு ஓடையோரத்துலதான் கொஞ்சம் நிக்குது. எல்லாம் தாய் மரம். கீழ ஒரு கன்னுகூட இல்ல. நாங்க போக ஆரம்பிச்சதுல இருந்து இப்பதான் காய்ச்சது."

கன்று வளர்த்துத் திரும்ப அங்கேயே நடத்தான் நீ எடுத்து வந்தாயாம். எனக்கு என்ன தெரியும்.

"இன்னாடி, அவரக்கொட்டைன்னு நெனச்சிகினியா? ஈரமா வந்தத ஈரமா வெக்கத் தெரியாதா?" என்று உன் அப்பா கத்தினார். கத்திவிட்டுத் தறிக்குப் போனார். தறிச் சத்தம் வரவே இல்லை.

வசந்தி பிளேடால் ஒன்றை அறுத்தாள். உள்ளே பழுப்பு, செத்துவிட்டதாம். இன்னொன்று. அதுவும். மூன்றாவதுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாம செஞ்சதும்மா. அவ கோவப்பட மாட்டா."

படுவாய். எனக்குத் தெரியாதா.

ஆடி 10, சனி

உன் அப்பா ஆற்றுமணல் கொண்டுவந்தார். சலித்து, சட்டியில் போட்டு, மீதி 20-ஐயும் புதைத்தேன். தறிக்குழியில், அவர் மிதிபலகை மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அங்கேதான் எந்நேரமும் குளுமை.

"மிதிக்கச்சொல்ல கால் படாம பாத்துக்கிறேன், போ."

ஆடி 24, சனி

ஒன்றும் வரவில்லை. ஒன்றை மட்டும் தோண்டிப் பார்த்தேன். கொஞ்சம் உப்பின மாதிரி. ஊறினதாகவும் இருக்கலாம்.

"நோண்டிகினே இருந்தா எப்படிடி முளைக்கும்?" என்றார். அவர் நகத்திலும் ஈரமணல்.

வசந்தியின் பிளேடு இங்கேயே இருக்கிறது. அறுத்தால் தெரிந்துவிடும். அறுத்தால் அந்த ஒன்று போய்விடும். அறுக்காமலே உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா, அம்முலு?